ஃபேன் சுற்றுவது சான்றாகாது: கணினியின் எஸ்.எம்.பி.எஸ். பழுதை அறியும் முறை

கணினி ஆன் ஆகவில்லை என்ற புகாரோடு பழுதுபார்க்க வரும் பெட்டிகளில், எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியைப் பற்றிய தீர்ப்பு பெரும்பாலும் அவசரத்தில்தான் எழுதப்படுகிறது. பெட்டியில் சத்தமே இல்லையென்றால் ‘சப்ளை போய்விட்டது’ என்று நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி ஓரமாகப் போடுகிறார்கள். ஃபேன் சுற்றினால் ‘சப்ளை நன்றாகத்தான் இருக்கிறது’ என்று முடிவுகட்டி, மதர்போர்டையும் ரேமையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். இரண்டுமே உரிமையாளரின் காசைக் கரைப்பவை. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று விரியும் கொங்குப் பகுதியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே கணினிகள் குளிரூட்டிய அறைகளில் மட்டும் இருப்பதில்லை. பனியன் கம்பெனியின் கட்டிங் மேசைக்கு அருகிலும், சோமனூர்ப் பக்கத்துத் தறிக்கூடத்தின் கணக்கறையிலும், கோழித்தீவன மில்லின் எடைமேடை அறையிலும், மோட்டார் பட்டறையின் மூலையிலும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களில் எஸ்.எம்.பி.எஸ். கெடுவதற்குப் பல நேரங்களில் வெளியிலிருந்து ஒரு காரணம் இருக்கும். எனவே, கெட்டிருக்கிறதா என்பதைச் சுமையோடு அளந்து உறுதிசெய்வதும், கெட்டிருந்தால் எதனால் கெட்டது என்று தேடுவதும் சேர்ந்ததையே முழுமையான பழுதறிதல் என்று சொல்லலாம்.

உள்ளே நடப்பதைச் சற்று அறிந்துகொண்டால் அறிகுறிகள் தாமாகப் பேசத் தொடங்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம் ஃபியூஸையும் வடிகட்டும் சுருள்களையும் தாண்டி, பிரிட்ஜ் ரெக்டிஃபயரில் டி.சி.யாக மாறுகிறது. ஏ.சி.யின் உச்ச மதிப்பு அதன் பெயரளவைப்போல 1.414 மடங்கு என்பதால், அங்கிருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் தேங்கி நிற்கிறது. இந்த 325 வோல்ட்டை, அதிவேக மின்சுவிட்சுகளாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டுகளோ டிரான்சிஸ்டர்களோ நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகின்றன. மறுபக்கத்தில் அது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எனப் பிரிந்து, டயோடுகளாலும் இன்னொரு கெப்பாசிட்டர் வரிசையாலும் சீராக்கப்பட்டு மதர்போர்டுக்குப் போகிறது. சுவர்ப்பக்கமும் மதர்போர்டுப் பக்கமும் மின்தொடர்பின்றி, டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் வழியாகவும், தகவலுக்கு ஒளியால் இயங்கும் ஒரு சிறு ஐ.சி. வழியாகவும் மட்டுமே பேசிக்கொள்கின்றன. பயனரின் உயிரைக் காப்பது இந்தப் பிரிவினைதான்.

1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற வரையறையைக் கொண்டுவந்தபோது இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதற்கு முந்தைய கணினிகளில் முன்பக்கப் பொத்தான் 230 வோல்ட்டையே நேராக வெட்டியது. ஏ.டி.எக்ஸ்.ஸில் பொத்தான் மதர்போர்டுக்கு ஒரு சைகை மட்டுமே தருகிறது; மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸிடம் ‘தொடங்கு’ என்று கேட்கிறது. அப்படிக் கேட்பதற்கு மதர்போர்டு விழித்திருக்க வேண்டுமல்லவா? அதற்காகவே ஸ்டாண்ட்பை என்ற ஒரு சிறு மின்வழங்கி, கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட்டை இடைவிடாமல் தந்துகொண்டிருக்கிறது. சுவர் சுவிட்சை அணைக்காத அலுவலகங்களில் இந்தச் சிறு சுற்று இரவும் பகலும், ஞாயிறும் பண்டிகையும் இல்லாமல் உழைக்கிறது. முதன்மைச் சுற்று நலமாக இருக்கும்போதே ஸ்டாண்ட்பை மட்டும் முதுமை அடைந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

மல்டிமீட்டரைக் கையில் எடுக்கும் முன் விலக்கிவிட வேண்டியவை சில உண்டு. சுவர் பிளக்கில் கரண்ட் வருகிறதா, பவர் கார்டு தளர்ந்திருக்கிறதா, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறச் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்பவற்றைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. கேபினட்டின் பொத்தான் சிக்கிக்கொண்டதா என்பதை, மதர்போர்டில் அந்தப் பொத்தானின் கம்பி செருகப்படும் இரு முட்களை ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் 115, 230 என்று மாற்றக்கூடிய சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது 230-இல்தான் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். 115-இல் வைத்து நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வெடித்துவிடும்.

முதல் உண்மையான அளவீடு ஸ்டாண்ட்பையிலிருந்து தொடங்குகிறது. மதர்போர்டில் செருகியிருக்கும் 24 முள் இணைப்பில் ஊதா நிறக் கம்பிதான் ஸ்டாண்ட்பை. அதன் எண் 9. மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பியிலோ கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகத்திலோ வைத்து, சிவப்பு முனையை ஊதாக் கம்பி நுழையும் துளைக்குள் பின்புறமாகச் செருக வேண்டும். இணைப்பைக் கழற்றக் கூடாது. மதர்போர்டு இழுக்கும் நிலையில்தான் அளக்க வேண்டும். 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் காட்டினால் அடுத்ததற்குப் போகலாம். சுழியம் காட்டினால் இணைப்பைக் கழற்றி மறுபடி அளக்க வேண்டும். கழற்றியதும் 5 வோல்ட் வந்துவிட்டால், குற்றம் மதர்போர்டில் எங்கோ ஷார்ட் ஆகியிருப்பதில் இருக்கக்கூடும். கழற்றியும் வரவில்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ்.தான் குற்றவாளி. மதர்போர்டில் சிறு விளக்கு எரிந்தாலே ஸ்டாண்ட்பை சரி என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. அந்த விளக்கு 3 வோல்ட்டிலும் எரியும். மதர்போர்டு 3 வோல்ட்டில் தொடங்காது.

ஸ்டாண்ட்பை பாதி கெட்ட நிலையில் காட்டும் ஒரு குணம் நம் பக்கத்தில் பலருக்கும் பழக்கமானது. மார்கழி, தை மாதக் காலையில் கணினி ஆன் ஆகாது. நாலைந்து தடவை அழுத்தினாலோ, சுவர் சுவிட்சைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டாலோ ஆன் ஆகும். அதன்பின் மாலைவரை எந்தச் சிக்கலும் இருக்காது. காரணம் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். அவற்றுக்குள் இருக்கும் திரவம் காலப்போக்கில் உலர உலர, உள்தடை ஏறுகிறது. குளிர்ந்திருக்கும்போது அந்தத் தடை இன்னும் அதிகம்; சற்றுச் சூடேறினால் குறைகிறது. ‘கொஞ்சம் மக்கர் பண்ணும், அப்புறம் சரியாகிவிடும்’ என்று இதைப் பொறுத்துக்கொண்டு போவது நல்லதல்ல. சில மலிவான வடிவமைப்புகளில் ஸ்டாண்ட்பைச் சுற்றின் கெப்பாசிட்டர் உலர்ந்தால் 5 வோல்ட் என்பது கட்டுப்பாடில்லாமல் உயர்ந்து மதர்போர்டையும் சேர்த்துச் சுட்டுவிடும். காலையில் மட்டும் அடம்பிடிக்கும் கணினியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை அந்த வாரமே மாற்றிவிடுவது மலிவு.

பொத்தானை அழுத்தியதும் ஃபேன் ஒரு கணம் அசைந்து நின்றுவிடுவது வேறு வகை. அங்கே எஸ்.எம்.பி.எஸ். தன் கடமையைச் செய்கிறது. எங்கோ ஷார்ட் இருப்பதை உணர்ந்து தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது. பவர் கார்டைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டால்தான் அந்தப் பூட்டு விலகும். இந்த நிலையில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குறை சொல்லும் முன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்: கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், யு.எஸ்.பி.யில் தொங்கும் பிரிண்டர், ஸ்கேனர் எல்லாம். அடுத்து, ப்ராசசருக்கு அருகில் செருகப்படும் 4 முள் அல்லது 8 முள் 12 வோல்ட் இணைப்பைக் கழற்றிப் பொத்தானை அழுத்த வேண்டும். இப்போது ஃபேன்கள் நிற்காமல் சுற்றினால், ப்ராசசருக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட்டுகளில் ஒன்று மதர்போர்டில் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இந்த ஒரு சோதனை தெரியாததால் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் எத்தனையோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

எல்லோருக்கும் தெரிந்த சோதனை, 24 முள் இணைப்பைக் கழற்றி, 16-ஆம் முள்ளான பச்சைக் கம்பியையும் ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பியையும் ஒரு வளைந்த கம்பித்துண்டால் இணைத்து, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது. பச்சைக் கம்பி என்பது மதர்போர்டு ‘தொடங்கு’ என்று சொல்லும் கம்பி. அதைத் தரையோடு இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். தொடங்கும். சோதனையில் தவறில்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் தவறு நேர்கிறது. சுற்றாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். கெட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் சரி. சில பழைய வகைகள் சுமையே இல்லாமல் தொடங்க மறுக்கும் என்பதால் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கைச் செருகிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. சுற்றினால் என்ன தெரிகிறது? தொடங்குகிறது என்பது தெரிகிறது. அதற்குமேல் ஒன்றும் தெரிவதில்லை. தறிக்கூட உரிமையாளர்கள் இந்த இடத்தில் கேட்கும் கேள்வி நியாயமானது: “ஏனுங்க தம்பி, ஃபேன் நல்லாத்தானுங்களே சுத்துது, அப்புறம் எப்படிங்க சப்ளை போயிருக்கும்?” அதற்குச் சரியான பதிலும் சுருக்கமானதுதான்: “ஃபேன் சுத்தக் கால் ஆம்பியர் போதுங்ணா; கம்ப்யூட்டர் வேலை செய்யப் பத்து ஆம்பியர் வேணுமுங்களே.” சில பெரிய நிறுவனங்களின் ரெடிமேட் கணினிகளில் இணைப்பின் அமைப்பே வேறாக இருக்கும் என்பதையும், புதிய எஸ்.எம்.பி.எஸ்.கள் பலவற்றில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே வருகின்றன என்பதையும் மறந்துவிட்டு நிறத்தை மட்டும் நம்பிக் கம்பியை வளைக்கக் கூடாது.

ஆகவே அளவீட்டின் மையம், கணினி உண்மையில் வேலை செய்யும்போது எடுக்கப்படும் அளவீடு. மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட். மூன்றுக்கும் 5 சதவீத ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்படுகிறது: மஞ்சளில் 11.40 முதல் 12.60, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47. கணினி தொடங்கி விண்டோஸ் அமைதியாக நிற்கும்போது ஓர் அளவு, பிறகு ப்ராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் உழைக்கவைத்து மறு அளவு எடுக்க வேண்டும். திருப்பூரில் எம்பிராய்டரி, பிரிண்டிங் டிசைன் செய்யும் கணினிகளில் இதற்கெனத் தனி மென்பொருள்கூடத் தேவையில்லை. பெரிய டிசைன் ஒன்றைத் திறந்தாலே போதும். அமைதியாக இருந்தபோது 12.1 காட்டிய மஞ்சள் கம்பி, கோப்பு திறக்கத் திறக்க 11.7, 11.4, 11.1 என்று இறங்கி, அடுத்த நொடியில் திரை கறுத்து கணினி தானாக மறுபடி தொடங்குவதை மீட்டரின் முகத்திலேயே பார்த்துவிடலாம். அந்தக் காட்சியைப் பார்த்தபின் ‘வைரஸாக இருக்குமோ, விண்டோஸ் மாற்றினால் சரியாகுமோ’ என்ற கேள்விகளுக்கு இடமே இல்லை. வேலை செய்யும்போது மட்டும் மறுதொடக்கம் ஆவது, யு.எஸ்.பி. சாதனங்கள் விட்டுவிட்டு வருவது, ஹார்ட் டிஸ்க் ‘டிக்’ என்று அணைந்து மறுபடி சுற்றத் தொடங்குவது ஆகியவை எல்லாம் இந்தச் சரிவின் வெவ்வேறு முகங்களாக இருக்கக்கூடும்.

ஃபேன்கள் சுற்றுகின்றன, ஆனால் திரையில் எதுவுமே இல்லை என்ற நிலையில் சாம்பல் நிறக் கம்பியை, அதாவது 8-ஆம் முள்ளை, அளந்து பார்க்க ஏனோ பலரும் மறந்துவிடுகிறார்கள். தன் மின்னழுத்தங்கள் எல்லாம் நிலைபெற்றபின் எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்குக் கொடுக்கும் ஒப்புதல் அது. அளவுகள் நிலைபெற்று 100 முதல் 500 மில்லி நொடிக்குள் அந்தக் கம்பியில் 5 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் வர வேண்டும். அது வரும்வரை மதர்போர்டு ப்ராசசரை ரீசெட் நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும். சாம்பல் கம்பி சுழியத்திலேயே நின்றால், மற்றக் கம்பிகளில் அளவு சரியாகத் தெரிந்தாலும், ரேமையும் ப்ராசசரையும் கழற்றித் துடைத்து எந்தப் பயனும் இல்லை.

மீட்டருக்கும் எல்லை உண்டு. அது சராசரியைக் காட்டுமே தவிர, நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஏறி இறங்கும் சிற்றலைகளைக் காட்டாது. ஏ.டி.எக்ஸ். வரையறைப்படி 12 வோல்ட்டில் அந்தச் சிற்றலை 120 மில்லிவோல்ட்டுக்குள்ளும், 5 மற்றும் 3.3 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட்டுக்குள்ளும் அடங்க வேண்டும். கெப்பாசிட்டர்கள் உப்பிய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சராசரி 12.0 என்றே காட்டும். அலையோ அரை வோல்ட்டைத் தாண்டியிருக்கும். மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசில்லாஸ்கோப் இல்லாமல் அதைக் காண முடியாது. கைவசம் ஆசில்லாஸ்கோப் இல்லாத கடைக்காரருக்கு எஞ்சும் நம்பகமான வழி, நல்லதென்று தெரிந்த, போதிய திறனுள்ள இன்னொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் செருகி அதே வேலையை அதே நேரம் ஓடவிட்டுப் பார்ப்பதுதான். அதைக் குறுக்குவழி என்று குறைத்துச் சொல்வதற்கில்லை. மீட்டரால் சொல்ல முடியாததை அது சொல்லிவிடுகிறது.

யு.பி.எஸ். இருந்தும் கரண்ட் போனதும் கணினி மறுதொடக்கம் ஆகிறது என்ற புகாரில் பழி எப்போதும் யு.பி.எஸ். பேட்டரி மீதே விழுகிறது. பேட்டரி கெட்டிருக்கவும் கூடும்தான். ஆனால் சாதாரண யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறச் சில மில்லி நொடிகள் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் கணினியைத் தாங்குவது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 325 வோல்ட் கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் ஆற்றல். வரையறையின் பதிப்பையும் சுமையையும் பொறுத்து அது சுமார் 12 முதல் 17 மில்லி நொடி தாங்க வேண்டும். கெப்பாசிட்டர் முதுமை அடைந்து கொள்ளளவு பாதியானால் தாங்கும் நேரமும் ஏறக்குறையப் பாதியாகிவிடும். புதிய பேட்டரி போட்டும் மறுதொடக்கம் நிற்கவில்லையென்றால், அதே யு.பி.எஸ்.ஸில் வேறொரு கணினியைச் செருகிப் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அந்தக் கணினி தாங்கினால் யு.பி.எஸ். நிரபராதி. யு.பி.எஸ். இல்லாமல் வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை ஓட்டுபவர்கள், இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். நிலை என்ற தெரிவு இருந்தால் அதில் வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். மற்ற நிலையில் மாறும் நேரம் நீளும். மின்சாரம் இழுக்கும் விதத்தைச் சீராக்கும் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற சுற்றைக் கொண்ட புதிய எஸ்.எம்.பி.எஸ்.கள் சில, சதுர அலை தரும் மலிவு யு.பி.எஸ்.களோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடுவதும் உண்டு. அங்கே இரண்டுமே பழுதற்றவை, ஜோடிதான் பொருந்தவில்லை.

கெடாத எஸ்.எம்.பி.எஸ். ஒன்று போதாமையால் கெட்டதுபோல் நடந்துகொள்வதும் இதே வரிசையில் வரும். கேபினட்டோடு சேர்த்து விற்கப்படும் மலிவு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 450 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதன் பக்கவாட்டுச் சீட்டில் 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்றிருந்தால், 12 வோல்ட்டில் அது தரக்கூடியது 168 வாட் மட்டுமே. இன்றைய கணினி பெருமளவில் இழுப்பதோ 12 வோல்ட்டில்தான். பில் போடும் கணினி 100 வாட்டுக்குள் இழுப்பதால் அந்த எஸ்.எம்.பி.எஸ். பல ஆண்டுகள் நிம்மதியாக ஓடும். டிசைன் வேலைக்காக அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டைச் சேர்த்ததும் கதை மாறுகிறது. மதர்போர்டுத் துளை வழியாக மட்டும் ஒரு கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். 6 முள் இணைப்பு இருந்தால் மேலும் 75, 8 முள் என்றால் 150. ஆகவே சீட்டில் பார்க்க வேண்டியது 12 வோல்ட்டுக்கு நேரே இருக்கும் ஆம்பியர் அளவைத்தான்.

இனி, எதனால் கெட்டது என்ற கேள்வி. பல்லடம், சோமனூர், திருப்பூர்ப் பக்கத்து எஸ்.எம்.பி.எஸ்.களைத் திறந்து பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள்: ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் கம்பிவலையில் பஞ்சு படிந்து படிந்து, ஒரு கம்பளித் துணியைக் கத்தரித்து வைத்ததுபோல் கெட்டியாகியிருக்கும், விரல் நகத்தால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் வட்டமாக, ஒரே தாளாக உரிந்து வரும். அதற்குப் பின்னால், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு கலந்த பஞ்சு அடைந்திருக்கும். தறிக்கும் தையல் இயந்திரத்துக்கும் போடும் எண்ணெய் காற்றில் கலந்து வருவதால், வெறும் தூசியைப்போல் இது ஊதினால் பறப்பதில்லை. தீவன மில்களில் பஞ்சுக்குப் பதிலாக மாவுத்தூள். மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சி மின்கசிவுக்கும் வழிவகுக்கிறது. காற்று போகாவிட்டால் உள்வெப்பம் ஏறுகிறது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறுகிற ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது மின்னணுத் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. 20 டிகிரி ஏறினால் கால்பங்கு. எட்டு ஆண்டு வர வேண்டிய பொருள் இரண்டே ஆண்டில் உப்பி நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் போட்டுவிட்டு, கணினியை அதே தரையில் அதே மூலையில் வைத்துவிட்டு வந்தால், அடுத்த அழைப்பு எப்போது வரும் என்பதை இன்றே சொல்லிவிடலாம். மேசை உயரத்துக்குத் தூக்கி வைப்பதும், ஒவ்வொரு மாதமும் வலையிலிருக்கும் பஞ்சை வெளியிலிருந்து பிரஷ்ஷால் எடுப்பதும் செலவில்லாத வேலைகள்.

மின்சாரத்தின் குணம் இரண்டாவது காரணம். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவையில் ஆலைகளும், அவற்றைத் தொடர்ந்து மோட்டார், பம்ப்செட் தொழிலும் பெருகின. இன்றும் இது மோட்டார்களின் சீமை. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் தறிகளும் கிணற்று மோட்டார்களும் வீடுகளும் சேர்ந்திருக்கும் இடங்களில், மோட்டார்கள் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சரியும். 180 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது வரையறை. அதற்குக் கீழே போனால் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அணையும். சரிவு அணைப்பதோடு நின்றுவிடுகிறது. கொல்வது பெரும்பாலும் உயர்வுதான். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ, சுமை குறைவாக உள்ள பேஸில் இருக்கும் வீட்டுக்கு 300 வோல்ட்டுக்கு மேலும் வந்துவிடும். 300 வோல்ட் ஏ.சி. என்றால் உள்ளே 424 வோல்ட் டி.சி. 200 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டைத் தொடராக வைத்து 400 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்காது.

இந்த வகைச் சாவு தன் தடயத்தை விட்டுச்செல்கிறது. உள்ளே இருக்கும், மிகை மின்னழுத்தத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும், நீல அல்லது மஞ்சள் வட்ட வில்லை போன்ற வாரிஸ்டர் வெடித்துப் பிளந்திருக்கும். கண்ணாடி ஃபியூஸ் உள்பக்கம் கறுத்தோ வெள்ளிப்பூச்சு அடித்ததுபோலவோ இருக்கும். கடுமையான ஷார்ட்டில் ஃபியூஸ் கம்பி ஆவியாகிப் படிவதால் வரும் அடையாளம் அது. அதே நாளில் வீட்டில் எல்.இ.டி. பல்புகளோ டி.வி.யின் செட்டாப் பாக்ஸோ போயிருந்தால், பல்புகள் திடீரென்று அதிகப் பிரகாசமாக எரிந்ததாக வீட்டார் சொன்னால், ஐயத்துக்கு இடமில்லை. கணினியைச் சரிசெய்து கொடுப்பதற்கு முன் மின்வாரியத்துக்கும் எலக்ட்ரீசியனுக்கும் சொல்லி நியூட்ரல் இணைப்பைப் பார்க்கவைக்க வேண்டும். ஃபியூஸ் மட்டும் போயிருக்கிறது என்று நினைத்துப் புது ஃபியூஸைப் போட்டு மின்சாரம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இன்னொரு வெடிச்சத்தத்தையே கேட்கிறார்கள். ஃபியூஸ் போவதற்கு முன்பே மாஸ்ஃபெட்டோ ரெக்டிஃபயரோ ஷார்ட் ஆகியிருக்கும்.

கேபினட்டைத் தொட்டால் கை சுள்ளென்கிறது என்பதும் எஸ்.எம்.பி.எஸ். பழுதாகவே இங்கே கருதப்படுகிறது. உண்மையில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டியில் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உறைக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் போகின்றன. எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே வரும் மிகச்சிறு மின்னோட்டம் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் உறை இரண்டுக்கும் நடுவில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை எத்தனை முறை மாற்றினாலும் இது போகாது. மூன்று துளை பிளக்கில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் எர்த் குழியைத்தான் பார்க்க வேண்டும். கரியும் உப்பும் இட்டு அமைத்த குழிகள் நம் செம்மண்ணிலும் சுக்கான்கல் நிலத்திலும் சித்திரை வெயிலில் காய்ந்துவிடுகின்றன. குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்வதைப் பழுதுபார்ப்பவர் தன் வேலையின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கலாமா என்றால், பழக்கமில்லாதவர் திறக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். வெளியேற்றும் ரெசிஸ்டர் எரிந்துபோயிருந்தால் அது நெடுநேரம் இறங்காது. சில வடிவமைப்புகளில் சுவர்ப்பக்கத்து ஹீட்சிங்க்கே மின்சாரத்தோடு இருக்கும். ஸ்குரூடிரைவரால் முனைகளை ஷார்ட் செய்து கெப்பாசிட்டரைக் காலிசெய்யும் பழக்கம் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து; சில கிலோ ஓம் மதிப்புள்ள, போதிய வாட் தாங்கும் ரெசிஸ்டர் வழியே இறக்கி, மீட்டரால் சரிபார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பயிற்சி உள்ளவருக்கு, தரமான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உப்பிய கெப்பாசிட்டர்களையோ நின்றுபோன ஃபேனையோ மாற்றுவது பயனுள்ள வேலை. கேபினட்டோடு வந்த மலிவு வகையில் சுவர்ப்பக்கத்து மாஸ்ஃபெட் எரிந்திருந்தால், அதோடு சேர்ந்து கன்ட்ரோல் ஐ.சி.யும் ரெசிஸ்டர்களும் போயிருக்க வாய்ப்புள்ளதால், பழுதுநீக்குவதைவிட மாற்றுவதே நியாயமானது.

மாற்றிய அன்றே, கணினி தன் வழக்கமான கடின வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, ஊதாக் கம்பிகளின் அளவுகளையும், பிளக்கில் பேஸ், நியூட்ரல், எர்த்துக்கு இடையிலான அளவுகளையும் ஒரு சீட்டில் தேதியோடு எழுதி, கேபினட்டின் பக்கத் தகட்டின் உள்புறம் ஒட்டிவிட வேண்டும். அடுத்த ஆண்டு அதே கணினி மறுதொடக்கம் ஆகிறது என்று அழைப்பு வந்தால், 12.05 என்றிருந்த அளவு 11.5-க்கு வந்திருக்கிறதா, ஓரிரு வோல்ட்டாக இருந்த நியூட்ரல், எர்த் வேறுபாடு பத்தைத் தாண்டியிருக்கிறதா என்று ஒப்பிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றுவதா, எர்த் குழியைத் தோண்டுவதா என்பதைத் தகட்டைத் திறந்தவுடனேயே முடிவுசெய்துவிடலாம்.